திரும்பிப் பார்க்காமல் விட்ட பச்சைச் சட்டை

என் பயத்துக்குக் கால்கள் என்னுடையதைவிட நீளம். உள்ளங்காலில் நெருஞ்சி முள் குத்தினால், நான் குனிந்து அதைப் பிடுங்குவதற்குள் பயம் ஓடிப்போய் என் பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமையல்காரரைப் பார்த்து, எத்தனை இலை என்று சொல்லிவிட்டு வந்து நிற்கும். ஐம்பது வயதுக்கு மேல் இதை மாற்ற முடியாது என்று தெரிந்ததால், கேலி செய்து காலம் தள்ளப் பழகிக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தச் சிரிப்புக்குச் சரக்கெல்லாம் என் பயத்திலிருந்துதான்.

அந்த ஐப்பசியில் பயத்துக்குத் தீனியாக ஒரு காகிதம் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு. சிறுநீரகம் சம்பந்தப்பட்ட ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க வகுப்புல கத்துதிய, தண்ணியே குடிக்கதில்ல போலுக்கு. நல்லா குடிங்க. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாப்போம்" என்றார். இத்தனை வார்த்தைகளில் என் காதில் விழுந்தது 'மூணு வாரம்' மட்டும்தான்.

நான் குடியிருப்பது பாளையங்கோட்டையில். வேலை பார்ப்பது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு பள்ளியில். அறிவியல் வாத்தியார். மறுநாள் ஆசிரியர் அறையில் என் முகத்தைப் பார்த்த கணக்கு வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கணக்கைவிட ஜாதகம் நன்றாக வரும்.

"என்ன வே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

காகிதத்தை நீட்டினேன். அவர் எண்ணையும் பார்க்கவில்லை, நட்சத்திரத்தையும் பார்க்கவில்லை. என் நட்சத்திரத்தைக் கேட்டார். விரல்விட்டு என்னவோ எண்ணினார்.

"பயப்படாதேயும். சனிக்கெழம பாபநாசம் போயி மூணு முங்கு முங்கும். உடுத்தியிருக்க துணியில ஒண்ண ஆத்தோட விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரும். பீடை அதோட போயிரும்."

"நான் அறிவியல் வாத்தியார்லா வே?"

"கரையேறினப்பெறகு அறிவியல் வாத்தியாரா இரும். யாரு வேண்டாங்கா?"

பாபநாசத்தில் துணியை ஆற்றோடு விடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வெளியூரிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். வகுப்பில் பலமுறை அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் பயம் வந்தவனுக்கு வகுப்பறை ரொம்பத் தூரம். எந்தத் துணியை விடுவது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. நல்ல வேட்டியை விட்டால் மனைவி கேட்பாள். அவளிடம் பரிசோதனை விஷயத்தையே நான் சொல்லவில்லை. அவள் கேட்காத துணி, காணாமல் போனால் சந்தோஷப்படும் துணி என்று பார்த்தால் ஒன்றுதான் இருந்தது.

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. மன்றத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கிளிப்பச்சை நிறத்தில் டி-சர்ட் அடித்தபோது எனக்கும் ஒன்று அடித்தார்கள். முதுகில் பள்ளியின் பெயர், மன்றத்தின் பெயர், அதற்குக் கீழே பிள்ளைகளுக்கு 'உறுப்பினர்' என்று இருக்கும். எனக்கு மட்டும் 'பொறுப்பாசிரியர்'. அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் நாளே, "சீட்டு எடுக்க கிளி கணக்கா இருக்கிய" என்று சொல்லி என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அந்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டுதான், பையில் இன்னொரு சட்டையோடு, பாபநாசம் பஸ் ஏறினேன். என் பயத்தின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் யாருடையது என்று கேட்கவே தேவையில்லாத ஒரே சட்டை அது என்பது எனக்குத் தோன்றவில்லை.

படித்துறையில் நல்ல கூட்டம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு முங்கினேன். மூன்றாவதில் மூச்சு முட்டியதும், நோய்க்கு முன்னாலேயே போய்விடுவேன் போலிருக்கிறது என்று பதறி எழுந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கொஞ்சம் தள்ளி ஒரு அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கொக்கி மாட்டிய நீளக் கம்பால் துணிகளை இழுத்து இழுத்துப் படியில் குவித்துக்கொண்டிருந்தார். சேலை, வேட்டி, கால்சட்டை, எல்லாம் சேறு பிடித்து ஒரே நிறத்தில் கிடந்தன. நான் டி-சர்ட்டைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டார்.

"சார், ஆத்துல விடாதிய. அந்தா, தொட்டி வச்சிருக்கு பாருங்க, அதுல போடுங்க. எடுத்து எடுத்துக் கை ஓஞ்சு போச்சு."

"சரிம்மா, சரிம்மா."

தொட்டியை நோக்கி நாலு எட்டு வைத்தேன். தொட்டியில் போட்டால் பீடை தொட்டியிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? இது ஒரு அறிவியல் வாத்தியாரின் மண்டைக்குள் வந்த கேள்வி. அப்படியே பைய நகர்ந்து, ஒரு பாறைக்குப் பின்னால் போய், டி-சர்ட்டைத் தண்ணீரில் விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதி எவ்வளவு வசதியானது என்று அன்றைக்கு யோசிக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் நட்சத்திரத்தைக் காணோம். டாக்டர் காகிதத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "தண்ணி குடிச்சியளா?" என்றார். குடம் குடமாகக் குடித்திருந்தேன். என் வீட்டுக் குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். ஆனாலும் மனசுக்குள் பாதிப் பங்கைப் பாபநாசத்துக்குக் கொடுத்துவிட்டு, விஷயத்தை மறந்துபோனேன்.

இந்த லட்சணத்தில்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மழைத் தண்ணீர் எங்கெங்கே விழுந்து எப்படி ஆற்றுக்கு வருகிறது, வரும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதை நடத்த ஆரம்பித்தேன். படம் வரைந்தால் தூங்கிவிடுவார்கள். ஒரு பையன் வீட்டிலிருந்து, அவன் அக்கா சடங்குக்கு வைத்த பெரிய பிளெக்ஸைக் கொண்டுவந்தான். அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பக்கம் நாற்காலிகளை அடியில் கொடுத்துத் தூக்கினோம். அது மலை. நடுவில் ஒரு மடிப்பு, தாமிரபரணி. அதில் வந்து சேரும் பக்கத்து மடிப்பு, மணிமுத்தாறு. கீழே தரையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதுதான் ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஏரல்.

உச்சியில் தேயிலைத் தூளைத் தூவி, "இது மாஞ்சோலை" என்றேன்.

"அங்கன இப்ப யாரு சார் இருக்கா? எஸ்டேட்ட மூடினப்பெறகு எல்லாரும் எறங்கி வந்துட்டாங்கல்லா?" என்றான் ஒருவன்.

"ஆளு எறங்கினா மழை எறங்காதாலே? மழை எறங்கினா மண்ணும் எறங்கும்."

வயல் உரத்துக்கு மஞ்சள் கோலப்பொடி, பூச்சிமருந்துக்குச் சிவப்பு. வண்டி கழுவும் இடத்துக்குக் கரித்தூளும் எண்ணெயும். குளிக்கிற இடத்துக்கு ஷாம்பு. ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளை வைத்தது. பிறகு பூவாளியால் மலை உச்சியில் மழை பெய்தேன். வண்ணங்கள் மடிப்பில் இறங்கி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, தாம்பாளத்துக்கு வரும்போது எதன் நிறமும் இல்லாத ஒரு நிறமாகி நின்றன.

"ஏரல்ல உள்ளவங்க இதையா சார் குடிப்பாங்க?"

"எங்க மாமியார் வீடு ஏரல்லதான் இருக்கு. அதனாலதான் அங்கன போனா நான் தண்ணியே குடிக்கதில்ல, வெறும் காப்பி மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை உண்டு. நான் சொல்வதற்கு மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு கேள்வி கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"காப்பியும் தண்ணியிலதான சார் போடுவாங்க?"

நான் பூவாளியைக் கீழே வைப்பதற்குள் பிளெக்ஸ் கொண்டுவந்த பையன், தன் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து மலை அடிவாரத்தில் வைத்தான்.

"சார், ஒண்ண விட்டுட்டிய. பாபநாசத்துல துணி போடுவாங்கல்லா?"

"அது... துணிதான. கரையாது. முக்கியமானத மட்டும் பாப்போம்" என்று அந்தத் துண்டை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த முன்வரிசைப் பிள்ளை என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, முந்தின நாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மழைத்துளியாக நடப்போம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூரையிலிருந்து விழும் தண்ணீர் எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறதோ, அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும், மேடு ஏறக் கூடாது. வழியில் பார்ப்பதையெல்லாம் எழுத வேண்டும். பட்டியலைத் திங்கட்கிழமை காலை வழிபாட்டில் வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் கிளிப்பச்சையில் வந்திருந்தார்கள். நான் மட்டும் வெள்ளைச் சட்டை.

"சார், உங்க டி-சர்ட் எங்க?"

"தொவைக்கப் போட்டிருக்குலே."

எழுதும் வேலையை அந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையிடம் கொடுத்தேன். 'பொருள்', 'இடம்' என்று இரண்டு கட்டம் போடச் சொன்னேன். அவளாக மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தாள். 'யார் போட்டது?'

வாசலைத் தாண்டியதும் டீக்கடைக்குப் பின்னால் காகிதக் கப்புகள் ஓடையை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர் வானவில் காட்டிக்கொண்டு ஓடியது. கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி எச்சில் இலைகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும். ஒவ்வொன்றுக்கும் அவள் மூன்றாவது கட்டத்துக்கு வரும்போது, "யாரு போட்டது?" என்று சத்தமாகக் கேட்பாள். "யாரோ" என்று கூட்டமாகப் பதில் வரும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மண்டபத்தைத் தாண்டும்போது பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே "யாரோ, யாரோ" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து கத்தினேன்.

ஓடை வாய்க்காலில் சேர்ந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். ஒரு மடைக்குப் பக்கத்தில், சகதிக்குள் பாதி புதைந்து, சிவப்பு முக்கோணம் போட்ட மருந்து பாட்டில் ஒன்று கிடந்தது. "தொடாதிய, எழுத மட்டும் செய்யுங்க" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை இந்தமுறை கேள்வியைச் சத்தமாகக் கேட்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள், குனிந்து வேகமாக 'யாரோ' என்று எழுதிவிட்டு முன்னால் நடந்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் முட்டளவுதான், ஆனால் கலங்கல். பிள்ளைகளைப் படியை விட்டு இறங்கக் கூடாது என்று நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன். படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு மருத மரம். அதன் வேர்களுக்குள் வெள்ளத்தில் வந்ததெல்லாம் சிக்கிக் கிடந்தன. ஒரு தொரட்டிக் கம்பால் நான் எடுத்துக் கொடுக்க, மேலே பிள்ளைகள் வாங்கி வைத்தார்கள். செருப்பு. சாமி படத்தின் சட்டம். அரைச் சேலை. அப்போதுதான் வேருக்கு அடியில் பச்சையாக ஏதோ அசைந்தது. பாவம், கிளி ஒன்று செத்துக் கிடக்கிறது என்று நினைத்து இன்னும் குனிந்தேன். கிளிக்கு முதுகில் எழுத்து இருந்தது. 'பொறு' என்பது வரை தெளிவாகத் தெரிந்தது.

நான் செய்த முதல் காரியம், அதன் மேல் ஏறி நின்றதுதான்.

இரண்டாவது காரியம், கணக்குப் போட்டது. பாபநாசம் எங்கே, இது எங்கே? இடையில் அணைக்கட்டு இருக்கிறது, பாறை இருக்கிறது, வழி முழுக்கக் குளிக்கிற ஜனம் இருக்கிறது. இத்தனை நாள் கழித்து, இத்தனையையும் தாண்டி, நேராக என் வகுப்புக்கே வந்திருக்கிறதென்றால் இந்தச் சட்டைக்கு என் மேல் என்ன கோபமோ. பயம் அதற்குள் ஓடிப்போய், நாளைக்குப் பேப்பரில் என் படத்தை எந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்று பார்த்துவிட்டு வந்தது.

"சார், ஏறி வாங்க."

"இருங்கலே. தண்ணி சில்லுனு நல்லாருக்கு."

"ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிய சார்."

"ஆராய்ச்சி பண்ணுதேன்."

"என்ன ஆராய்ச்சி?"

"நீரோட்டம் எவ்வளவு வேகம்னு."

"கால வச்சா?"

பாசி பிடித்த வேர். கால் வழுக்கியது. நான் உட்கார்ந்த வேகத்தில் தண்ணீர் படிவரைக்கும் தெறித்தது. எழுந்து பார்த்தால், என் பாரம் விலகியதும் டி-சர்ட் தானாக மேலே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் மிதந்தது. பிளெக்ஸ் கொண்டுவந்த பையன் கம்பை வாங்கி ஒரே கொத்தில் அதைப் படிக்கு இழுத்துவிட்டான். விரித்தார்கள். ஒரு தோள் கிழிந்திருந்தது. எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. அடித்தவர் நல்ல மையாகத்தான் போட்டிருக்கிறார்.

அந்தப் பையன் மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"தொவைக்கப் போட்டிருக்குன்னு சொன்னிய. இங்கனயா சார் ஊறப் போட்டிருந்திய?"

படித்துறை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறு வழி? கரையேறி ஈரத்தோடு உட்கார்ந்து கதையை அவிழ்த்துவிட்டேன். காகிதத்தில் இருந்த நட்சத்திரம், 'மூணு வாரம்', பதினாறாம் நாள் சமையல், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியது, மூன்றாவது முங்கில் மூச்சு முட்டியது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கணக்கு வாத்தியாரை மட்டும் 'தெரிஞ்ச ஒருத்தர்' ஆக்கினேன். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இத்தனை சிரிப்புக்கு அப்புறம் யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்?

அவள் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"சார், அங்கன போடாதியன்னு யாருமே சொல்லலையா?"

வாயைத் திறந்தேன். எப்போதும் கைகொடுக்கும் விகடம் ஒன்றும் வரவில்லை.

"சொன்னாங்க."

"யாரு?"

"ஒரு அம்மா. ஆத்துக்குள்ள நின்னு துணியெல்லாம் எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தாங்க. தொட்டியில போடச் சொன்னாங்க."

"அவங்க சொன்னப்பெறகுமா போட்டிய?"

"ஆமா. பாறைக்குப் பின்னால போயி, அவங்களுக்குத் தெரியாம."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. கொக்கிக் கம்பு நினைவிருக்கிறது, சேறு பிடித்த குவியல் நினைவிருக்கிறது, 'கை ஓஞ்சு போச்சு' என்ற குரல் நினைவிருக்கிறது. முகம் இல்லை. 'யாரோ' என்று நாங்கள் காலையிலிருந்து கத்திக்கொண்டு வந்தோமே, அந்த யாரோ எப்படி இருப்பான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கெட்டவனாக இருக்க மாட்டான். அவசரத்தில் இருப்பான். பயந்திருப்பான். "சரிம்மா" என்று நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பான்.

"மூணாவது கட்டத்துல என்ன சார் எழுத?"

"'சார்'னு எழுது."

"பள்ளிக்கூடத்துல எல்லாருமே சார்தான?" சட்டையைப் பார்த்தாள். "இதுல உள்ளபடியே எழுதட்டுமா?"

"எழுது."

'பொறுப்பாசிரியர்' என்று நிறுத்தி எழுதினாள். நான் அந்த எழுத்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மேடு ஏறலாம், மழைத்துளி வேலை முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் ஓடினார்கள். அவள் மட்டும் பின்தங்கி, என் பக்கத்தில் நடந்து வந்தாள். மடைக்குப் பக்கம் வந்ததும் நின்றாள்.

"சார், இது எங்க வயலுதான்."

மருந்து பாட்டில் அதே இடத்தில் கிடந்தது.

"அப்பாதான் மருந்தடிப்பாங்க. டின்ன இந்த மடையிலதான் அலசுவாங்க. பாட்டில இங்கனதான் போடுவாங்க. நான் 'யாரோ'ன்னு எழுதிட்டேன்." கொஞ்சம் விட்டு, "திங்கக்கெழம எல்லார் முன்னாலயும் வாசிப்பியள்லா?" என்றாள்.

"வாசிக்கணும்."

"அப்பா பேர வாசிச்சா எல்லாரும் என்னையப் பாப்பாங்க."

அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. "மூணாவது கட்டமே வேண்டாம். பொருளையும் எடத்தையும் மட்டும் வாசிப்போம். நான் சொன்னதே ரெண்டு கட்டம்தான?" சொல்லி முடிக்கும்போதே, இந்த யோசனை அவளுக்காக வந்ததா எனக்காக வந்ததா என்று என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. பாபநாசத்தில் நான் ஒளிந்த அந்தப் பாறை மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்ப உங்களதும் வாசிக்க மாட்டியளா?"

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நோட்டை முழங்காலில் வைத்து, பழைய பக்கத்தைத் திருப்பி, 'யாரோ' மேல் ஒரு கோடு போட்டாள். 'அப்பா' என்று எழுதினாள். மூடி என் கையில் கொடுத்தாள்.

"வாசிங்க சார். ஆனா உங்களத மொதல்ல வாசிங்க."

வீட்டுக்குப் போய் டி-சர்ட்டை வாளியில் போட்டுவிட்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை அவளிடம் மறைத்ததற்கு அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வசவு முடிந்ததும் சட்டைக்கு வந்தாள்.

"வழியில மாட்டிக்கிட்டு நின்னுதோ, பொழச்சிய. இல்லன்னா உங்க பீடைய எங்கம்மா ஏரல்ல குடத்துல மொண்டுகிட்டுல்லா வந்திருப்பாங்க?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குத் தாம்பாளத்தில் நின்ற அந்த நிறம் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, தோளில் தையல் போட்ட அந்தக் கிளிப்பச்சையையே போட்டுக்கொண்டு போனேன். வழிபாட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்னால் அவள் வந்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டுனாங்க. பெறகு நீங்க சட்டைய விட்டதச் சொன்னேன். சிரிச்சாங்க. 'உங்க சாரே வாசிக்காருன்னா வாசிச்சிட்டுப் போறாரு'ன்னாங்க. பாட்டில எங்கன போடணும்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

எனக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து, "சார், நோட்ட ஒரு நிமிஷம் தாங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது டீக்கடைக் கப்புக்கு எதிரே இருந்த 'யாரோ' அடிக்கப்பட்டு, 'நானும்' என்று இருந்தது. வண்டி கழுவும் இடத்துக்கு எதிரே 'எங்க மாமா'. எல்லாம் மாறிவிடவில்லை. கல்யாண மண்டபம் இன்னும் 'யாரோ'தான்.

மைக் முன்னால் நின்றேன். பயம் அதற்குள் என் மாறுதல் உத்தரவைத் தட்டச்சு செய்து முடித்திருந்தது. பின்வரிசையில் கணக்கு வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விகடம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நோட்டில் கடைசியாக எழுதியிருந்த வரியை முதலில் வாசித்தேன்.

"பச்சை டி-சர்ட், ஒன்று. கிடைத்த இடம், மருத மரத்து வேர். போட்டது, நான்."